சிக்னல் எட்டாத சாவடிகள்

கோயம்புத்தூரில் கிளம்பி சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழியாகச் சாம்ராஜ்நகர் போகலாம். அங்கிருந்து குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், முதுமலை, கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் என்று சுற்றினால் மறுபடி கோவைக்கே வந்து சேரலாம். வழியில் இரண்டு மாநிலங்கள், அடுத்தடுத்துப் புலிகள் காப்பகங்கள், மூன்று மலைப்பாதைகள். யானை பார்க்கிற ஆசையில் இந்த வட்டத்தைச் சுற்றுகிறவர்கள் உண்டு. நான் இந்த முறை போனது சோதனைச் சாவடிகளைப் பார்க்க. வண்டியை நிறுத்துகிற காவலரின் கையில் இன்று என்ன கருவி இருக்கிறது, அவர் சொல்வது யார் காதுக்குப் போகிறது, அவருக்கு வேண்டிய தகவல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். சாலையில் நம் உயிரும் நேரமும் அந்தத் தொடர்பை நம்பித்தான் இருக்கின்றன.

வண்டி ஓட்ட வந்தவர் சத்தியமங்கலத்துக்காரர். இந்த மலைகளில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். காந்திபுரம் தாண்டி கணபதி பக்கம் காலையிலேயே வாகனத் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. எங்களை ஓரங்கட்டச் சொன்ன இளம் காவலர், "ஆர்.சி., லைசென்ஸ் காட்டுங்க அண்ணா" என்றார். ஓட்டுநர் கைப்பேசியை எடுத்து எம்-பரிவாகன் செயலியைத் திறந்து காட்டினார். காவலர் தன் கையிலிருந்த சிறு கருவியில் வண்டி எண்ணைத் தட்டினார். சில நொடிகளில் பதிவு, காப்பீடு, தகுதிச் சான்று, புகைச் சான்று எல்லாம் திரையில் வந்துவிட்டன. "சரிங்க, போலாம்" என்று கையசைத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார்.

அந்தச் சில நொடிகளுக்குள் நடப்பதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இ-செலான் முறை, கைப்பேசி வலையமைப்பு வழியாக இரண்டு பெரிய பதிவேடுகளைத் தொடுகிறது. வாகனங்களுக்கு 'வாகன்', ஓட்டுநர் உரிமங்களுக்கு 'சாரதி'. நாட்டின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் பதிவு செய்கிற விவரங்கள் அங்கே சேர்கின்றன. விதிமீறல் இருந்தால் கருவியே ரசீது அச்சிடும், வண்டி உரிமையாளரின் எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகும், பணத்தை இணையத்தில் கட்டலாம். டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் இருக்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று மத்திய அரசு 2018 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. மின்னணு முறையில் சரிபார்க்கப்பட்ட ஆவணத்தைக் காகிதமாகக் கேட்கக்கூடாது என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதியாகவே இருக்கிறது. இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் ஆர்.சி. புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் சாலையோரம் கைகட்டி நிற்கிறார்.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்ந்தன. தலைக்கவசம் இல்லாவிட்டால் ரூ.1,000, குடித்துவிட்டு ஓட்டினால் ரூ.10,000. தொகை பெரிதானபோது பேரம் பேசுகிற ஆசையும் இரண்டு பக்கமும் பெரிதாகும். அதைத் தடுக்கக் கருவிக்கு ஒரு வல்லமை இருக்கிறது. வழக்கைப் போட்டவுடன் நேரமும் இடமும் சேர்ந்தே பதிவாகிவிடுகின்றன. பதிவான பிறகு அந்த வழக்கை அழிக்க அங்கே நிற்பவரால் முடியாது. காவலருக்கும் அது காப்பு, ஓட்டுநருக்கும் காப்பு.

நகரத்துச் சாலைகளில் மனிதர் நிறுத்தாமலே தணிக்கை நடக்கிறது. வண்டி எண்ணைத் தானே படிக்கிற கேமராக்கள் அந்த வேலையைச் செய்கின்றன. கேமரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும். எண் பலகையின் ஒளி திருப்பும் தகடு அதைத் திருப்பி அனுப்ப, இருட்டிலும் எழுத்துகள் பளிச்சென்று தெரியும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது மென்பொருளின் வேலை. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்பு எண் பலகையில் எல்லா எழுத்தும் ஒரே அளவு, ஒரே வடிவம். ஆனால் நம் ஊரில் பழைய வண்டிகளின் எண் பலகையில் தலைவர் படமும் சாதிப் பெயரும் வளைந்து நெளிந்த எழுத்தும் இன்னும் இருக்கின்றன. அந்த எண்ணைக் கேமரா தவறாகப் படித்தால் அபராதம் எங்கோ இருக்கிற வேறொருவர் வீட்டுக்குப் போகும். இந்த மின்னணுக் கண்காணிப்புக்கான விதி 2021 ஆகஸ்டில் வந்தது. குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், வழக்கு முடியும்வரை பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தவறான செலான் வந்தவர் அந்தப் படத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எண் பலகையை ஒழுங்காக வைத்திருப்பதை முகம் தெரியாத ஒருவருக்குச் செய்யும் உதவியாகவே நான் நினைக்கிறேன்.

அன்னூர், புளியம்பட்டி கடந்து சத்தியமங்கலம் நெருங்கும்போது ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். வாழைத்தார் ஏற்றிய லாரிக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாவடிகளைப் பற்றிக் கேட்டதும் அவர் நினைவு வாளையாறுக்குப் போய்விட்டது. "அப்பெல்லாம் கேரளாவுக்கு லோடு ஏத்துனா வாளையாறுல நாள் கணக்குல நிக்கோணுங்க. பில்லை வாங்கிப் பார்க்கறதுக்குள்ள தக்காளி அழுகிப் போயிரும். சோறு தண்ணி எல்லாம் வண்டிக்கு அடியிலதான்" என்றார். தமிழக, கேரள எல்லையிலிருந்த அந்த வணிகவரிச் சாவடியின் வரிசை தென்னிந்தியா முழுக்கப் பேர்போனது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அத்தகைய சாவடிகள் நாடெங்கும் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையே போகும் சரக்குக்கு மின்வழி ரசீது (இ-வே பில்) நடைமுறைக்கு வந்தது. பிறகு 2021-ல் சுங்கச்சாவடி ஃபாஸ்டேகும் இந்த ரசீதும் இணைக்கப்பட்டன. லாரியின் கண்ணாடியில் ஒட்டிய அட்டை ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்ல, அந்தச் சரக்கு எந்தச் சாலையில் போகிறது என்று அலுவலர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க முடிகிறது. அந்த வணிகவரிச் சாவடி இருந்த இடத்தில் பில்லைக் காட்ட இன்று லாரிக்காரர் நாள் கணக்கில் நிற்பதில்லை. தகவல் முன்னால் ஓடினால் மனிதர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் பக்கத்தில் வேறில்லை.

பவானி ஆற்றைத் தாண்டியதும் மலை கண்ணில் படும். பண்ணாரி மாரியம்மன் கோயில், அதை ஒட்டிச் சாவடி. காவல்துறையும் வனத்துறையும் இங்கே வண்டிகளைப் பார்க்கின்றன. இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை இந்த மலைப்பாதை பெரும்பாலான வண்டிகளுக்கு மூடியிருக்கும். 2019-ல் மாவட்ட ஆட்சியர் போட்டிருந்த ஆணையைச் செயல்படுத்தும்படி சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதால் 2022 பிப்ரவரி 10-ல் இது நடைமுறைக்கு வந்தது. சாலையில் அடிபட்டு இறந்த காட்டு உயிர்களின் பட்டியல்தான் அந்த வழக்கின் அடிப்படை. 16.2 டன்னுக்கு மேல் பாரம் ஏற்றிய வண்டிகளுக்கும் பிறகு தடை வந்தது.

இந்தத் தடையைக் காப்பது எப்படி என்று யோசித்தால் சாவடி என்பதன் பொருள் விளங்கும். மலையின் இந்தப் பக்கம் பண்ணாரி, அந்தப் பக்கம் மாநில எல்லையில் காரப்பள்ளம். ஒரு பக்கம் கட்டையை இறக்கி மறுபக்கம் திறந்திருந்தால் தடை வெறும் பெயர்தான். இரவில் பிரசவ வலியோடு வரும் பெண்ணை ஏற்றிய ஆம்புலன்ஸ் தாளவாடிப் பக்கமிருந்து இறங்கினால், அது வருகிறது என்ற சேதி கீழே உள்ளவருக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும். இரண்டு முனையும் பேசிக்கொள்ள முடிந்தால்தான் இரண்டும் சாவடி.

திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே என் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய்க் குறைந்து, பிறகு முழுக்கப் போயின. ஓட்டுநர் சொன்னார்: "இங்க ஒரு லாரி வளைவுல மாட்டுச்சுன்னா அவ்வளவுதானுங்க. நீளமான வண்டி திரும்ப முடியாம குறுக்க நின்னுக்கும். மேல ஒரு நூறு, கீழ ஒரு நூறு. போன் எடுத்தா சிக்னல் இல்ல. அந்தக் காலத்துல யாராச்சும் பைக்குல இறங்கிப் போயிச் சொல்லோணும்."

அப்படி வண்டி சிக்கிக்கொள்வது இந்தப் பாதையில் வாடிக்கை. சேதி உடனே போனால் பண்ணாரியிலும் ஆசனூரிலும் வண்டிகளை நிறுத்திவைக்கலாம். கரை உடைந்த வாய்க்காலுக்கு மேல் மடையில் தண்ணீரை அடைப்பது மாதிரி இது. சேதி அரைமணி தாமதமானால் அந்த அரைமணியில் ஏறிய பேருந்துகளும் கார்களும் வளைவுகளை அடைத்துக்கொள்ளும். சிக்கிய லாரியை எடுக்க வரும் கிரேனுக்கே வழி இருக்காது.

இந்த இடத்தில் இன்னும் கைகொடுப்பது பழைய வயர்லெஸ். காவலர்கள் அதை 'மைக்' என்கிறார்கள். 'மைக்ல சொல்லிட்டேன்', 'மைக்ல வந்துச்சு' என்பது அவர்களுடைய அன்றாடப் பேச்சு. இது வி.எச்.எஃப். எனப்படும் அலைவரிசையில் ஓடுகிறது. கையில் வைத்திருக்கும் வாக்கி டாக்கியின் ஆற்றல் ஏறக்குறைய 5 வாட், ஜீப்பில் பொருத்திய கருவியின் ஆற்றல் அதைப்போலப் பல மடங்கு. அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே வந்தால் நிழல் விழும். அதனால்தான் உயரமான இடத்தில் ரிப்பீட்டர் வைக்கிறார்கள். ஒரு அலைவரிசையில் வருவதை வாங்கி, அதே நொடியில் வேறொரு அலைவரிசையில் வலுவாக அனுப்பும் நிலையம் அது. பள்ளத்தில் நிற்பவர் பேசுவது முகடு ஏறி அடுத்த பள்ளத்தில் இறங்கும். ரிப்பீட்டர் நின்றுபோனாலும் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்திலுள்ள இரண்டு கருவிகள் நேராகப் பேசிக்கொள்ளும். கைப்பேசி கோபுரமோ சர்வரோ மாதக் கட்டணமோ தேவையில்லை.

வயர்லெஸ்ஸுக்கு இன்னொரு பெருமை, ஒருவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள் என்பது. கைப்பேசியில் ஒருவரை ஒருவராக அழைத்துச் சேதி சொல்ல வேண்டும். மைக்கில் 'பதினாறாவது வளைவில் லாரி' என்று ஒருமுறை சொன்னால் கட்டுப்பாட்டு அறை, கீழ்ச் சாவடி, மேல் சாவடி, ரோந்து வண்டி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். அவசரத்தில் இதற்கு ஈடான கருவியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நாட்டின் காவல் வயர்லெஸ் பணிகளை ஒருங்கிணைக்க 1946-லேயே ஒரு மத்திய அமைப்பு உண்டானது. அந்த மரபின் மதிப்பு மலையில்தான் முழுதாகத் தெரிகிறது.

திம்பம் உச்சியில் குளிர்காற்று. ஆசனூருக்குப் போகும் சாலை காட்டுக்குள் நேராக நீள்கிறது. இதே காடுகளில்தான் சந்தன மரக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடி அதிரடிப்படை வருடக்கணக்கில் அலைந்தது. 2000 ஜூலை 30 இரவு தாளவாடி அருகே தொட்ட காஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது, இரண்டு மாநிலங்களின் தலைநகரங்களும் இந்தக் காட்டுச் சாலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. 108 நாட்கள் கழித்து அவர் விடுவிக்கப்பட்டார். கைப்பேசி பரவாத அந்தக் காலத்தில் இங்கே ஒவ்வொரு சாவடியும் மக்களுக்கு அச்சமாகவும் இருந்தது. விறகு பொறுக்கப் போனவரும் மாடு மேய்க்கப் போனவரும் சந்தேகப் பார்வைக்கு ஆளானார்கள். அதிரடிப்படையின் அத்துமீறல்கள் பற்றிய புகார்களைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த குழு விசாரித்தது. சாவடியின் வலிமை யார் கையில், எந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற கேள்வியை இந்த மலை மக்கள் உடம்பாலேயே அறிந்திருக்கிறார்கள். இன்றைய கருவிகளைப் பற்றிப் பேசும்போதும் அதை மறக்கக்கூடாது.

காரப்பள்ளம் சாவடியில் உயரத் தடுப்பு ஒன்று உண்டு. கரும்பு ஏற்றிவரும் லாரிக்காரர்கள் அதைத் தாண்ட முடியாமல் மேலே இருக்கும் கரும்பை உருவிச் சாலையோரம் போடுவார்கள். அதன் ருசி கண்ட யானைகள் சாவடிப் பக்கமே வந்து நிற்கும், சில சமயம் லாரியை மறித்துத் தும்பிக்கையால் உருவும். குட்டியோடு நிற்கும் யானையைக் காவலர் என்ன செய்ய முடியும்? மறுபக்கத்துக்குச் சேதி சொல்லி வண்டிகளைத் தள்ளியே நிறுத்தச் சொல்லலாம். இங்கேயும் கட்டையைவிடச் சேதிதான் உயிரைக் காக்கிறது.

எல்லையைத் தாண்டினால் கர்நாடகம். சாலை ஒன்றுதான், காடும் ஒன்றுதான். காவல்துறை மட்டும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் இருப்பதால் வயர்லெஸ் வலையமைப்பும் கட்டுப்பாட்டு அறையும் மாநிலத்துக்கு ஒன்று. வண்டியின் பதிவு விவரம் இன்று ஏறக்குறைய நாடு முழுதும் ஒன்றாகிவிட்டது. தமிழ்நாட்டு வண்டியைச் சாம்ராஜ்நகரில் நிறுத்தினாலும் அதே 'வாகன்' பதிவேடுதான் திறக்கும். காவல் நிலையங்களின் குற்றப் பதிவுகளை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டமும் 2009-ல் ஒப்புதல் பெற்று நாடெங்கும் வந்துவிட்டது. பதிவேடு எல்லை கடந்துவிட்டது, குரல் இன்னும் கடக்கவில்லை. ஒரு பக்கம் இடித்துவிட்டு ஓடும் வண்டியை மறுபக்கச் சாவடி மறிக்க வேண்டுமானால், தெரிந்த அதிகாரியின் கைப்பேசி எண்ணைத் தேடி அழைப்பதைவிட உறுதியான வழி வேண்டும். எல்லையை ஒட்டிய சாவடிகளுக்கு ஒரு பொது அலைவரிசை கொடுத்து, இரு மொழியும் தெரிந்தவர்களை அங்கே பணியில் வைத்தால் போதும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை, இரண்டு அரசுகளின் மனம் தேவை.

குண்டலுப்பேட்டையிலிருந்து தெற்கே திரும்பினால் பந்திப்பூர். இங்கே இரவுப் போக்குவரத்துத் தடை 2009-லேயே வந்துவிட்டது. ஊட்டிச் சாலையிலும் வயநாட்டுச் சாலையிலும் இரவு 9 முதல் காலை 6 வரை குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளும் ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளும் மட்டும் போகலாம். மாலை வெயிலில் மான் கூட்டம் சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்தது. கக்கனல்லாவில் மறுபடி தமிழ்நாடு. நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் கேட்டார்கள். முன்பே எடுத்துவைத்திருந்த கியூ.ஆர். குறியீட்டைக் காட்டியதும் அனுப்பிவிட்டார்கள்.

இந்த இ-பாஸின் கதை கவனிக்க வேண்டியது. கோடையில் நீலகிரியும் கொடைக்கானலும் வண்டிகளால் திணறுவதைப் பார்த்த சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட, மே 7 முதல் அது தொடங்கியது. முதலில் அதன் நோக்கம் எண்ணிப் பார்ப்பது. எத்தனை வண்டி வருகிறது, எத்தனை பேர், எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று தெரியாமல் ஒரு மலை எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியாது. தாங்குதிறனை ஆராயும் வேலை சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன்வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று நீதிமன்றமே வரம்பு வைத்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிக்கும் பாஸ் வேண்டாம். சாவடியில் நிற்கும் ஊழியர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது மலை தன் பாரத்தைத் தானே கணக்கெடுக்கிறது. இந்த முறையை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் இணையம் வேண்டும். இந்தச் சுற்றில் ஓரிடத்தில் சர்வர் நின்றுவிட்டதால் வண்டிகள் அரைமணிக்கு மேல் காத்திருந்தன. குழந்தைகள் அழுதன. காவலர்களிடம் சிலர் குரலை உயர்த்தினார்கள். மழைத் தூறலில் நனைந்துகொண்டே ஒரு பெண் காவலர் ஒவ்வொரு வண்டியாகப் போய், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, நெட்வொர்க் வந்திரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கோ ஒரு நகரத்தில் பழுதான கருவிக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இணையம் இல்லாதபோதும் குறியீட்டைச் சரிபார்த்து, இணையம் வந்ததும் கணக்கைச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு செயலியை வடிவமைக்க முடியும். சிக்னல் இல்லாத இடத்தில்தான் சாவடி இருக்கிறது என்பதை வடிவமைக்கிறவர் முதலிலேயே கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

கூடலூரில் இரவு தங்கினோம். இங்கிருந்து மேற்கே வயநாடு. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு கொண்டுபோனபோது வீடுகளோடு தொடர்புகளும் அறுந்தன. அப்போது கல்பற்றா ஆட்சியர் அலுவலகத்தில் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள் நிலையம் அமைத்து மீட்புப் பணிக்குச் சேதி கடத்தினார்கள். நீலகிரியும் 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த மாவட்டம். மண் சரிந்தால் மின்கம்பம் சாயும், மின்சாரம் போனால் கைப்பேசி கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரத்தில் தீரும். அன்று சாலையை யார் மூடுவது, எந்தப் பேருந்தை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பது மலையடிவாரச் சாவடிதான். அதற்குக் கடைசிவரை மிஞ்சும் குரல் ரேடியோ. புதிய கருவி வந்துவிட்டதென்று பழைய மைக்கை மூலையில் போடுகிறவர்கள் இந்த மலைகளுக்கு ஒருமுறை மழைக்காலத்தில் வந்து பார்க்க வேண்டும்.

ஊட்டியில் கோடைக்காலத்தில் காவல்துறை சாலைகளை ஒருவழியாக்கிவிடும். ஏறுகிற வண்டிகள் குன்னூர் வழி, இறங்குகிறவை கோத்தகிரி வழி. இந்த ஏற்பாடு ஒவ்வொரு வருடமும் வேலை செய்வதற்குக் காரணம், மேலே ஊட்டியிலும் கீழே மேட்டுப்பாளையத்திலும் நடுவே உள்ள சந்திப்புகளிலும் நிற்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே சேதியைக் கேட்பதுதான். நாங்கள் போனது கூட்டம் இல்லாத காலம், அதனால் குன்னூர் வழியாகவே இறங்கினோம். பர்லியார் தாண்டிக் கல்லாறு சாவடி. ஏறுகிற வண்டிகளில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இறங்குகிற வண்டிகளில் பிரேக் சூடேறிய வாடை அடித்தது.

இருட்டிய பிறகு கோவைக்குள் நுழையும் முன் கடைசித் தணிக்கை. ஓட்டுநரை ஊதச் சொன்னார்கள். அந்தச் சிறு குழாய்க்குள் இருக்கும் நுட்பம் அழகானது. மூச்சிலுள்ள ஆல்கஹால் பிளாட்டின மின்முனையில் பட்டு வேதிமாற்றம் அடையும்போது மின்னோட்டம் பிறக்கிறது. மின்னோட்டத்தின் அளவு ஆல்கஹாலின் அளவைச் சொல்கிறது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பது சட்டத்தின் எல்லை. கருவியை உரிய காலத்தில் அளவு திருத்தாவிட்டால் அது குடிக்காதவரையும் மாட்டிவிடலாம், குடித்தவரையும் விட்டுவிடலாம். ஆளுக்கு ஆள் ஊதுகுழலை மாற்றுவதும் அளவு திருத்திய தேதியைக் கருவியிலேயே ஒட்டிவைப்பதும் சின்ன வேலைகள். மக்களின் நம்பிக்கை அவற்றில்தான் இருக்கிறது. எங்கள் ஓட்டுநருக்குச் சுழியம் காட்டியது. "நன்றிங்க அண்ணா" என்று சொல்லி அனுப்பினார்கள்.

நாங்கள் எந்தச் சாவடியை எந்த நேரத்தில் கடந்தோம் என்பது இப்போது சில பதிவேடுகளில் இருக்கிறது. அது எவ்வளவு காலம் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதை நான் கேட்கத்தான் வேண்டும். 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். வண்டியின் தடம் என்பது மனிதரின் தடம். ஒருவர் எந்த மருத்துவமனைக்குப் போகிறார், எந்தக் கூட்டத்துக்குப் போகிறார் என்பதை அது சொல்லிவிடும். திருட்டு வண்டியைப் பிடிக்கவும் மலையின் பாரத்தை எண்ணவும் எடுத்த தகவல் அந்த வேலை முடிந்ததும் அழிய வேண்டும். எத்தனை நாளில் அழியும் என்பதைச் சாவடிப் பலகையிலேயே எழுதிப்போடலாம். ஒரு காலத்தில் இந்தக் காடுகளில் சாவடி என்றாலே மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் கேமரா வழியாகத் திரும்பி வரக்கூடாது.

பண்ணாரியிலிருந்து கல்லாறுவரை பார்த்ததில் என் மனதில் உறுதிப்பட்டது ஒன்றுதான். சாவடியின் தரம் அங்கே எத்தனை கேமரா இருக்கிறது என்பதில் இல்லை. அடுத்த சாவடியோடு அது எவ்வளவு உறுதியாகப் பேசுகிறது என்பதில் இருக்கிறது. நகரத்தின் நடுவில் பளபளப்பான கட்டுப்பாட்டு அறையைக் கட்டுவதற்கு முன், வளைவிலும் காட்டிலும் நிற்கிற கடைசிக் காவலருக்கு ஓடுகிற வயர்லெஸ், தீராத மின்கலம், சூரிய மின்சாரம், மழைக்கு ஒதுங்கக் கூரை, பெண் காவலர்களுக்குக் கழிப்பறை ஆகியவற்றை அரசு தர வேண்டும். கருவி வாங்குவதற்கு ஒதுக்குகிற பணத்தில் அதைப் பராமரிக்கவும் ஒரு பங்கு இருக்க வேண்டும். இணையம் இல்லாமலும் இயங்கும் செயலி வேண்டும். எல்லைச் சாவடிகளுக்கு மாநிலம் கடந்த பொது அலைவரிசை வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பதும் உண்டு. மலையேறும் முன் உங்கள் ஆவணங்களைச் செயலிக்குள் திறந்து இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். காகித நகல் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். எண் பலகையை விதிப்படி வையுங்கள். வழக்குப் போட்டால் செலான் கேளுங்கள், செலான் இல்லாத பணத்தைக் கொடுக்காதீர்கள். தவறான செலான் வந்தால் படத்தைக் கேட்டு மறுப்புப் பதிவு செய்யுங்கள். வளைவில் வண்டி சிக்கியிருப்பதைப் பார்த்தால் அடுத்த சாவடியில் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். சிக்னல் இல்லாத மலையில் அந்தச் சேதியைக் கொண்டுபோகிறவர் நீங்களாகவும் இருக்கலாம்.